அட்டையில் அச்சிட்ட ஐம்பது நிமிடம்

பெப்ரவரி 9, திங்கள்

மாவுக்குள் கோழியை அடைத்துச் சுடும் உறைந்த ‘கோழிப் பை’ ஒன்று ஐம்பது நிமிடத்தில் வெந்துவிடும் என்று அட்டையில் அச்சிட்டவர், எந்த ஓவனில் எத்தனை தடவை வைத்துப் பார்த்துவிட்டு அப்படி அச்சிட்டார்? எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் முழுக்க யோசித்தும் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளை எழுதி வைப்பதற்காக நான் நாட்குறிப்பு வைத்திருப்பதில்லை. ஆனால் இன்று வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஓவனை 375 பாகை பரனைற்றுக்குச் சூடாக்கினேன். அட்டை சொன்னபடியே நடுத்தட்டில் வைத்தேன். ஐம்பதாவது நிமிடம் எடுத்தேன். மேலே பொன்னிறம், ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, அட்டைப் படத்தில் இருப்பது போலவே. வெப்பமானியின் ஊசியை நடுவில் குத்தினேன். 31 பாகை செல்சியஸ். இருக்க வேண்டியது 74. முப்பத்தொன்று என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண மத்தியான வெயில். கோழியை வெயிலில் வைத்து எடுத்துச் சாப்பிடு என்று சொல்வதற்கு ஒரு கம்பனி, அதற்கு வண்ணத்தில் ஓர் அட்டை. அடுப்பை ஓர் அளவையிலும் கோழியின் உள்ளே இருக்க வேண்டிய சூட்டை இன்னோர் அளவையிலும் சொல்லும் இந்த நாட்டை என்ன சொல்ல.

திரும்ப உள்ளே வைத்தேன். 74 வர மொத்தம் எண்பத்தெட்டு நிமிடம் ஆனது.

வேறு வீடென்றால் சிரித்துவிட்டு விடலாம். இங்கே முடியாது. என் தம்பி வாகீசனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். அவனுடைய உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைப் படுக்க வைக்கும் மாத்திரைகளைக் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் விழுங்குகிறான். அரைவேக்காட்டுக் கோழி மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றுக் குழப்பம். அவனுக்கு அது சிறுநீரகத்தையே கொண்டுபோய்விடலாம் என்று கிளினிக்கில் படம் வரைந்து காட்டினார்கள். அதனால்தான் அவன் தன் அறையை விட்டுவிட்டு என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருக்கிறான். ஆறு வருட டயாலிசிஸோடு அவனுடைய கல்யாணமும் முடிந்துபோனது. பார்ப்பதற்கு வேறு ஆளில்லை.

சிறுநீரகம் கொடுத்தது நான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பொருந்தியது, கொடுத்தேன். கொடுத்த பிறகு அது அவனுடையது.

இரண்டு பேருமே ஆறு வாரத்துக்குப் பத்து இறாத்தலுக்கு மேல் தூக்கக்கூடாது. பதினொரு வருடமாக என் ஓவன் சட்டி பானைகளின் அலுமாரி. ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியால் வந்ததும் கைக்கு இலேசான சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே அடுக்கினேன். பலகாரம் சுடும் பெரிய இரும்புத் தாச்சியை மட்டும் கீழ்த்தட்டிலேயே விட்டுவிட்டேன். அது தனியாகவே பதினைந்து இறாத்தல் வரும்.

நின்று சமைக்க நேரமில்லை. வேலைக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன். இருந்தும் நேரமில்லை.


பெப்ரவரி 10, செவ்வாய்

கிளினிக். வாகீசனின் கிரியற்றினின் 121. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் இலக்கம் அது, குறையக் குறைய நல்லது. எனக்கும் நேரம் தந்திருந்தார்கள், தள்ளிப்போட்டேன். உள்சட்டை இரண்டு தோய்த்தேன்.


பெப்ரவரி 12, வியாழன்

ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒரு கம்பனியைக் குற்றம் சொல்லக்கூடாது. பேராதனையில் நான்கு வருடம் புள்ளிவிபரவியல் படித்ததற்கு அந்த அளவு நேர்மையாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே நேற்று இன்னொரு பை, இன்று லசான்யா. நேற்று ஐம்பதாவது நிமிடத்தில் 33 பாகை. லசான்யாவுக்கு அட்டையில் அறுபத்தைந்து நிமிடம். அந்த அறுபத்தைந்தில் அது 29. நடுவில் கரண்டி போகவில்லை.

கம்பனியை அழைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். அவர்களுடைய நிமிடங்கள் அங்கேயாவது சரியாக ஓடுகின்றன. பிறகு ஓர் இளம் பெண் வந்தாள்.

“உங்கள் ஓவன் பழையதா, மேடம்?”

“பழையதாக இருக்கலாம். புதிய ஓவனுக்கு மட்டும் என்று அட்டையில் போடவில்லையே.”

“ஓவனுக்கு ஓவன் நேரம் மாறும் என்று போட்டிருக்கும், மேடம்.”

போட்டிருந்தது. அடிப்பக்கத்தில், மடிப்புக்குள், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்.

“எவ்வளவு மாறும்?”

“மன்னிக்கவும்?”

“ஐம்பது நிமிடத்திலிருந்து கூடவோ குறையவோ எவ்வளவு? ஐந்து நிமிடமா, நாற்பதா? எத்தனை ஓவனில் வைத்துப் பார்த்தீர்கள்?”

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணிடம் அப்படியொரு தாள் இருந்திருக்காது. என்னை ஆறுதல்படுத்தப் புரட்டினாள் என்று நினைக்கிறேன்.

“சமைக்கும்போது ஓவனுக்குள் வேறு ஏதாவது இருந்ததா, மேடம்?”

“இல்லை.”

“ஒன்றுமே இல்லையா?”

“பை மட்டும்தான்.”

சோபாவில் கிடந்தபடி வாகீசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்ததும், “அக்கா, அந்தப் பிள்ளை இப்ப வேலையை விட்டிருக்கும்” என்றான்.

“விடட்டும்.”

“கோழி ஏற்கெனவே ஒருக்காச் செத்துப்போச்சு. நீங்கள் கேட்ட கேள்வியிலை ரண்டாந்தரமும் செத்திருக்கும்.”

“உனக்குப் பகிடி. சாப்பிடப் போறது நீதானே.”

“அதாலைதான் பகிடி விடுறன்.”

முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம். மேசையில் நிமிர்ந்து இருக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்துகொண்டு முடித்தேன்.


பெப்ரவரி 13, வெள்ளி

விமலா மச்சாள் அழைத்தாள். பெரியம்மாவின் மகனைக் கட்டியவள், நாலு வீடு தள்ளி இருப்பவள் போல எல்லாம் தெரிந்து வைத்திருப்பவள். நண்டுக் கறியும் புட்டும் கொண்டுவரப் போகிறாளாம்.

“வேண்டாம் மச்சாள். வெளியிலை சமைச்ச சாப்பாடு அவனுக்குக் குடுக்கக்கூடாதாம்.”

“வெளியிலையோ? என்ர குசினி வெளியோ? நான் என்ன றோட்டிலை வைச்சே சமைக்கிறன்?”

“கிளினிக்கிலை எழுதித் தந்திருக்கினம்.”

“பெட்டிச் சாப்பாடு குடுக்கச் சொல்லியும் எழுதித் தந்தவையோ? கிட்னியே குடுத்தனி. ஒரு பிடி சோறு சமைச்சுக் குடுக்க ஏலாதோ உனக்கு?”

“ஏலாது” என்று சொல்லியிருக்கலாம். அது ஒரு சொல்தான். “பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டேன். உப்புக் குறைந்த உறைந்த உணவை, நன்றாகச் சூடேற்றிக் கொடுக்கலாம் என்று சொன்னதே கிளினிக்கின் உணவியலாளர்தான். நன்றாகச் சூடேற்றி. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் நான் வெப்பமானியோடு அலைகிறேன். விமலாவுக்கு அது விளங்காது. அவள் நண்டு வெந்ததை நிறத்தைப் பார்த்துச் சொல்லுகிறவள். அவளுடைய நண்டு எப்போதும் வெந்துதான் இருக்கும் என்பது வேறு கதை.


பெப்ரவரி 15, ஞாயிறு

நான்காவது அவதானம். அதே வகைப் பை, வேறு கடை. ஐம்பதாவது நிமிடத்தில் 32. எண்பத்தெட்டில் 74. நான்கு தடவையும் ஒரே திசையில் பிழை. இது தற்செயல் அல்ல. ஓவன்தான் பழுதோ என்று பார்க்கக் கட்டிடப் பராமரிப்பாளர் ஆர்த்தூரோவுக்குச் செய்தி விட்டேன். நாளை குடும்ப நாள் விடுமுறை. செவ்வாய் வருவதாகச் சொன்னார்.

ஓவன் பழுதில்லை என்று அவர் சொன்னால் கடிதத்தின் மூன்றாம் பக்கம் தயாராக இருக்கிறது.


பெப்ரவரி 16, திங்கள்

இதை எழுதவே கோபமாக இருக்கிறது.

பன்னிரண்டேகாலுக்குப் பையை உள்ளே வைத்துவிட்டு, அது வேகும் வரை கொஞ்சம் சாய்ந்தேன். கண் அயர்ந்துவிட்டது. எழும்பினால் மூன்று மணி. குசினிக்குப் போனேன். கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. அட்டை குப்பையில் கிடந்தது. வாகீசன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாப்பிட்டனியோ?”

“ஓம்.”

“எத்தினை நிமிசத்திலை எடுத்தனி?”

“பெட்டியிலை போட்டிருக்கிற நிமிசத்திலை.”

“வெப்பமானி வைச்சுப் பாத்தனியோ?”

“அது உங்கட அறையிலை, மேசையிலை கிடந்தது. கதவு சாத்திக் கிடந்தது.”

“தட்ட வேண்டியதுதானே!”

தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னான்: “நடு கொஞ்சம் சில்லெண்டு கிடந்தது. ஓரமாப் பாத்துத்தான் சாப்பிட்டன். விடுங்கோ அக்கா.”

விடுவதாம். ஆறு வருடம் கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் கிடந்தவன், சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளை விரல்நுனியில் வைத்திருப்பவன், ஒரு கதவைத் தட்டுவதற்குப் பஞ்சிப்பட்டு உறைந்த கோழியைத் தின்றிருக்கிறான். நான் ஒருவரிடமிருந்தும் நன்றி எதிர்பார்க்கவில்லை. தம்பி அக்காவுக்கு நன்றி சொல்லுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கவனம் என்று ஒன்று இருக்கிறது. கவனத்தை எதிர்பார்க்கலாம்தானே.


பெப்ரவரி 17, செவ்வாய்

காலையில் வாகீசனுக்குக் காய்ச்சல் இல்லை. 36.8. இரண்டு தடவை பார்த்தேன்.

பத்து மணிக்கு ஆர்த்தூரோ தன் கருவியோடு வந்தார். ஓவன் கதவைத் திறந்தார். குனிந்தார். அப்படியே இருந்தார்.

“இது என்ன?”

“தாச்சி.”

“ஓவனுக்குள் இருக்கிறது.”

“எப்போதும் அங்கேதான் இருக்கும்.”

“சமைக்கும்போதுமா?”

அவர் என்னைப் பார்த்தார். அறுபது வயது மனிதர், இந்தக் கட்டிடத்தில் நூற்றிருபது குடும்பங்களின் ஓவன்களைப் பார்த்தவர். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன். சூடு கீழே இருக்கும் கம்பியிலிருந்து வருகிறதாம். அதற்கு மேலே ஓர் இரும்புக் குளத்தைக் கவிழ்த்து வைத்தால் அந்தச் சூடு எங்கே போகும் என்று கேட்டார். இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார். தரை அதிர்ந்தது.

“வேறு ஏதாவது இருந்ததா” என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். நான் இரண்டு தடவையும் இல்லை என்றேன். அது பொய்யல்ல. பதினொரு வருடமாக அங்கேயே கிடக்கும் ஒன்று என் கண்ணுக்கு ஓவனின் சுவர் போல ஆகிவிட்டது. புள்ளிவிபரவியலில் பட்டம் பெற்ற ஒருத்தி இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

“உனக்கு இது தெரியேல்லையோ?” என்று வாகீசனைக் கேட்டேன்.

“கண்டனான். அது ஓவனோடை சேந்து வந்ததெண்டு நினைச்சன்.”

தாச்சி இல்லாமல் இன்னொரு பை வைத்தேன். ஐம்பதாவது நிமிடத்தில் 58. அறுபத்தொன்றில் 74. முந்தைய நான்கு அவதானங்களையும் குறுக்குக் கோடிட்டு வெட்டினேன். கம்பனிக்கு ஆறு பக்கத்தில் புதிய கடிதம் அனுப்பினேன். என் பிழை இருபத்தேழு நிமிடம், உங்கள் பிழை பதினொரு நிமிடம், என்னுடையதை நான் ஒப்புக்கொண்டேன், உங்களுடையதை நீங்கள் எப்போது ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்று. ஆர்த்தூரோவின் கருவிப்படி ஓவனில் ஒரு பிழையும் இல்லை. பதினொரு நிமிடத்துக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தத் தாச்சி உள்ளே இல்லாதிருந்தால் நேற்று அவன் சாப்பிட்டது எத்தனை பாகையில் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். கணக்கை இங்கே எழுதவில்லை.


பெப்ரவரி 18, புதன்

காலை ஏழு மணிக்கு 38.6.

கிளினிக்கை அழைத்தேன். உடனே வரச் சொன்னார்கள். டாக்சியில் வாகீசன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். வார்டில் இடம் கொடுத்து, சேலைன் ஏற்றி, இரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் எடுத்தார்கள். கிரியற்றினின் 187.

இளம் டொக்டர், மூன்று நாளாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வெப்பநிலைகளை எழுதிவரும் குறிப்புப் புத்தகத்தை நீட்டினேன். பக்கம் பக்கமாக நிமிடங்களையும் பாகைகளையும் பார்த்தவர், இப்படியொரு பதிவைத் தான் கண்டதில்லை என்றார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார்.

“பதினாறாம் திகதி வெப்பநிலை எழுதவில்லையே?”

“நான் அப்போது நித்திரை.”

“அது வேகாமல் இருந்ததா?”

“நான்தான் டொக்டர் எடுத்துச் சாப்பிட்டேன், அக்காவுக்குத் தெரியாது” என்று வாகீசன் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டான். ஓவனுக்குள் தாச்சி வைத்திருந்தது யார் என்று டொக்டருக்குச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் எனக்குள் ஏதோ அறுந்தது.

“ஏனடா எழுப்பேல்லை? பத்தடி தூரம். ஒரு கதவைத் தட்ட ஏலாதோ உனக்கு?”

“அக்கா, மெல்ல.”

“என்ன மெல்ல? பஞ்சியிலை, விசர்த்தனமா, சில்லெண்ட கோழியைத் திண்டுபோட்டு, மெல்லவாம்! அது என்ர கிட்னியடா!”

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். தமிழ் தெரியாதவர்தான். ஆனால் கிட்னி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும்.

எவரிடமும் ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்று சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட வசனம் அது.

“தெரியும்” என்றான் வாகீசன். “அதாலைதான் எழுப்பேல்லை.”

“என்ன அதாலை?”

“கதவு சாத்திக் கிடந்ததெண்டது பொய். திறந்து பாத்தனான். நீங்கள் காலை மடக்கிக்கொண்டு, வயித்தைப் பிடிச்சபடி கிடந்தனீங்கள். நித்திரையிலும் முனகினனீங்கள். சட்டையிலை ஈரம்.”

“அது வியர்வை.”

“சரி. வியர்வை.”

“வெளியாலை கடும் பனி, உள்ளுக்கை ஹீற்றர். வியர்க்கத்தானே செய்யும்.”

“சரி எண்டு சொல்லிட்டன் எல்லே, அக்கா.”


பெப்ரவரி 19, வியாழன்

காய்ச்சல் 38.1. கிரியற்றினின் 196. நாளைக் காலை ஏழு மணிக்குத் திரும்ப எடுப்பார்கள். இருநூறைத் தாண்டினால் சிறுநீரகத்தில் ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்களாம். உடம்பு அதைத் தள்ளத் தொடங்கிவிட்டதா என்று அதில் தெரியும்.

121, 187, 196. மூன்று புள்ளியை வைத்துக் கோடு இழுக்கிற மாணவனுக்கு நானே பூச்சியம் போட்டிருப்பேன். இழுத்தேன். நாளைக்கு 204 வரும்.

மத்தியானம் கம்பனியின் பதில் மின்னஞ்சலில் வந்தது. என் ‘அனுபவத்துக்கு’ வருந்துகிறார்களாம். வாடிக்கையாளரின் கருத்து அவர்களுக்குப் பெறுமதியானதாம். இலவசமாக ஒரு கோழிப் பை வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன். பதினொரு நிமிடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாகீசனுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நீங்கள் எழுதின ஆறு பக்கத்துக்கும் ஒரு பையோ? பக்கத்துக்கு ஒண்டெண்டாலும் தந்திருக்கலாம்” என்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பகிடி விட்டதும் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் கண்ணை மூடியிருந்தபோது, தாச்சியை விட்டு வைத்தது நான், நீ பெட்டியை நம்பியதில் பிழையில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. கூப்பனை அழித்தேன்.


பெப்ரவரி 20, வெள்ளி

நேற்று எழுதியது நடக்கவில்லை. நடந்தது இது.

ஏழு பத்துக்கு இரத்தம் எடுத்தார்கள். பத்தே முக்காலுக்கு டொக்டர் வந்தார். கிரியற்றினின் 151. காய்ச்சல் இல்லை. ஊசி தேவையில்லை. மலத்தில் ஒரு கிருமியும் வளரவில்லை. மூக்கில் எடுத்ததில் சளி பிடிக்கவைக்கும் சாதாரணத் தடிமன் வைரஸ், கிளினிக்கின் காத்திருப்பு அறையில் தொற்றியிருக்கலாமாம். நீர் இழப்பால் இலக்கம் ஏறியிருக்கிறது, சேலைனுக்கு இறங்குகிறது.

“அப்படியென்றால் பை காரணமில்லையா?”

“பை காரணமில்லை” என்றார்.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இரண்டு வாரம், ஐந்து பை, ஒரு லசான்யா, ஆறு பக்கம், காரணம் ஒரு தடிமன். வேகாத கோழி வேகாத கோழிதானே, இந்த முறை தப்பியது அடுத்த முறைக்கு உத்தரவாதமா என்று டொக்டரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“டொக்டர், அக்காவின் வயிற்றைப் பாருங்கள்” என்றான் வாகீசன். “பத்து நாளாக மறைக்கிறார்.”

“இவன் சொல்வதைக் கேட்கவேண்டாம், இவனுக்குக் காய்ச்சல்” என்றேன்.

“காய்ச்சல் இல்லையென்று இப்போதுதானே சொன்னார்” என்றான்.

தாதி திரையை இழுத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வெளியே போய்ச் சக்கர நாற்காலியோடு வந்தாள். கீழ்த் தையலில் சீழ் பிடித்திருக்கிறதாம். இன்றைக்கே திறந்து கழுவ வேண்டும், இரண்டு மூன்று நாள் மறித்து வைப்பார்கள். ஏன் முதலே வரவில்லை என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாளா தெரியவில்லை.

நாற்காலியில் இருந்தபடி வாகீசனிடம் சொன்னேன்: “தாச்சியை உள்ளுக்கை விட்டது நான். நீ பெட்டியைப் பாத்ததிலை பிழையில்லை.”

“ஓம். எனக்குத் தெரியும்.”

“அண்டைக்குக் கத்தினது...”

“உங்கடைதானே அக்கா. கத்துங்கோ.”

தாதி நாற்காலியைத் தள்ளத் தொடங்கினாள். என் கைப்பை கட்டிலில் கிடந்தது. எடுத்து மடியில் வைக்கக் கையை நீட்டினேன். வாகீசன் அதை முந்தி எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றக் கையால் சேலைன் தண்டை உருட்டியபடி, ஆஸ்பத்திரி உடுப்போடு பின்னால் நடந்து வந்தான். லிப்ட் வரை வரலாம் என்று தாதி சொன்னாள். லிப்டுக்குள்ளும் வந்தான்.

நான் தடுக்கவில்லை.